மொன்ரிவிடியோவில் துடக்கு

போன் வந்தபோது அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். நான், கதவோரக் கீழ்க்கட்டிலில். எனக்கு மேலே மகன். எதிரே கீழ்க்கட்டிலில் மனைவி. மனைவிக்கு மேலே ஒரு ஜெர்மன்காரப் பெடியன். அவன் நெடுவல். கால் இரண்டும் எப்போதும் கட்டிலுக்கு வெளியே நிற்கும். யன்னலோரம் பிரேசில்காரப் பெட்டைகள் இரண்டு பேர், ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே.

போன ஆவணி. எங்களுக்கு வெயில் காலம், அங்கே குளிர் காலம். காலை ஏழு மணி ஆகியும் வெளிச்சம் வரவில்லை. போன் தலையணைக்குக் கீழே அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஊரில், வட்டுக்கோட்டையில் இருந்து என் அண்ணையின் மகள், எனக்குப் பெறாமகள்.

நாங்கள் ஏன் அந்த அறையில் கிடந்தோம் என்று முதலில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் விளங்காது.

நான் தோட்டக்காரன். வெங்காயம், புகையிலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரே மகன். பதினொரு வருடத்துக்கு முன் பிரான்சுக்குப் போனான். அங்கே அவனுக்கு அகதி அட்டை கிடைத்தது. அந்த அட்டையோடு எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. நாங்கள் போய்ப் பார்ப்போம் என்று இரண்டு தரம் விசாவுக்குப் போட்டோம். இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். பாரிசில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்தான். அதே குசினியில் வேலை செய்த பெட்டையைத்தான் கலியாணம் முடிக்கப்போகிறேன் என்றான். பெட்டை உருகுவே நாடு. அந்த நாட்டின் பெயரை உதைபந்தாட்டத்தில் கேட்டிருக்கிறேன். வேறொன்றும் தெரியாது.

பெட்டையின் தாய் தகப்பன் விமானம் ஏறமாட்டார்களாம். எங்களுக்குப் பிரான்ஸ் விசா தராது. உருகுவே தந்தது. அதனால் கலியாணம் அவர்களுடைய தலைநகரம் மொன்ரிவிடியோவில் என்று முடிவாயிற்று. ஆவணியில் பாரிசில் கடை பூட்டு, மகனுக்கு மூன்று கிழமை லீவு.

ரிக்கெற்றுக்கே எல்லாம் போய்விட்டது. தங்குகிற இடத்தைப் பற்றி மகன் போனில் சொன்னான்.

"அப்பா, ஹொட்டலுக்குக் கட்டாது. முதுகிலை பை கொழுவிக்கொண்டு ஊர் சுத்துற பெடி பெட்டையள் தங்கிற இடம் ஒண்டு இருக்கு. கட்டில் கணக்கிலை வாடகை."

"எங்களை உள்ளை விடுவாங்களோ?"

"வயசு பாக்கமாட்டாங்கள்."

மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள்.

"அப்ப மடம் எண்டு சொல்லு."

"ஓம் அம்மா, மடம்தான். காசு வாங்கிற மடம்."

புறப்பட்ட அன்று அண்ணை கொக்குவில் ஸ்ரேசன் வரைக்கும் வந்தார். ஓட்டோவில் எங்களுடைய பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்னிலும் ஐந்து வயது மூப்பு. பெண்சாதி செத்துப்போனார். ஒரே மகள். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் வேலி, வேலியில் ஒரு பொட்டு. அதற்குள்ளால்தான் போக்குவரத்து.

"அங்கை மண் என்ன நிறம் எண்டு பாத்துக்கொண்டு வா," என்றார்.

"கலியாணத்துக்குப் போறன் அண்ணை."

"கலியாணம் ஒரு நாள். மிச்ச நாள் என்ன செய்யப்போறாய்? மண்ணைப் பார்."

ரயில் வெளிக்கிடும்போது நான் கை காட்டினேன். அவர் பார்க்கவில்லை. ஓட்டோக்காரனோடு காசுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றார்.

மூன்று விமானம் மாறிப் போனோம். பதினொரு வருடத்துக்குப் பிறகு மகனைப் பார்த்தேன். முன்தலை முடி போயிருந்தது. அவன் என் பெட்டியை வாங்கினான். நான் அவனுடைய பையை வாங்கினேன். ஏனென்று தெரியாது. இரண்டு பேரும் மற்றவருடைய சாமானைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.

அந்த மடம் பழைய நகரத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட. மரப்படி. மூன்றாம் மாடி. பெட்டி கொண்டுவந்த ஆட்கள் நாங்கள் மட்டும்தான். மற்ற எல்லாரிடமும் முதுகுப்பை. குசினி பொது. குளிர்ப்பெட்டி பொது. சாப்பாட்டில் பெயர் எழுதி ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் பொதுச் சாமான். அந்த நாட்டில் எல்லாரும் கமக்கட்டுக்குள் ஒரு சுடுதண்ணிப் போத்தலை இடுக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு குடுவையில் இலையைப் போட்டுத் தண்ணி ஊற்றி, ஒரே குழாயால் ஆள் மாறி ஆள் உறிஞ்சுவார்கள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "எச்சில் தெரியாத சனம்," என்பாள்.

முதல் நாள் மனைவி குசினியில் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் பொரித்தாள். மாடி முழுக்க இருமியது. பிரேசில் பெட்டைகள் யன்னலைத் திறந்து தலையை வெளியே போட்டார்கள். ஜெர்மன்காரன் மட்டும் இருமி இருமிக் கிட்ட வந்து, இது என்ன என்று கேட்டான். அன்றைக்கு எங்களோடு புட்டுச் சாப்பிட்டான். அடுத்த நாள் பார்த்தால் எங்களுடைய சம்பல் போத்தலில் தன்னுடைய பெயரை எழுதி ஒட்டியிருக்கிறான்.

"கள்ளப்பயல்," என்று மனைவி சிரித்தாள். பதினொரு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறுவதில்லை. நடைதான். காசில்லாமல் பார்க்கக்கூடிய இடம் எது, எந்த நாளில் எந்த மண்டபத்துக்கு இலவசம், எந்தச் சந்தையில் பூட்டுகிற நேரம் மரக்கறி மலிவு, எல்லாம் மகனுக்குப் பாடம். கரையோர றோட்டால் நடந்தோம். எனக்கு அது கடல்.

"கடல் இல்லை அப்பா. ஆறு."

"அக்கரை தெரியேல்லை?"

"அக்கரையிலை வேறை நாடு."

இறங்கிப் போய்க் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். அரைவாசி கரித்தது. மகன் சொன்னால் ஆறுதான். மண் பார்க்க முடியவில்லை. எல்லாம் கல் பதித்த றோட்டு.

பாண் வாங்க நான்தான் போவேன். அந்தப் பாஷை எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. முதல் நாள் பேக்கரியில் விரலைக் காட்டி, "பாண்," என்றேன். கடைக்காரி பாணை எடுத்துத் தந்தாள். அவர்களும் பாண் என்றுதான் சொல்கிறார்கள். மேசை என்றாலும் விளங்குகிறது. சப்பாத்து என்றாலும் விளங்குகிறது. மகனுக்குச் சொன்னேன்.

"மூண்டு வருசம் அவளிட்டைப் படிச்சும் எனக்கு உது தெரியாமல் போச்சே அப்பா," என்றான்.

"போத்துக்கீசன் இஞ்சாலையும் வந்தவன், எங்கடை பக்கமும் வந்தவன்."

அப்படித்தான் முதல் நாலு நாளும் போனது. நல்ல நாட்கள்.

ஒரு வெட்கம் இருந்தது. மடத்தில் இருக்கிறோம் என்பதைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லக்கூடாது என்று மனைவி பிடிவாதமாக நின்றாள்.

"அம்மா, அவளுக்குத் தெரியும்."

"அவளுக்குத் தெரியட்டும். தகப்பனுக்குத் தெரியக்கூடாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெடி பெட்டையளோடை ஒரே அறைக்குள்ளை படுக்கினம் எண்டால் என்ன நினைப்பினம்?"

அதனால் சம்பந்தி காரில் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற நாளெல்லாம் நாலு தெரு நடந்து, சதுக்கத்தில் இருக்கிற பெரிய ஹொட்டலின் வாசலில் போய் நிற்போம். மனைவி சேலையில், நான் மகனுடைய கோட்டில். திரும்பி வரும்போது அவர் எங்களை அங்கேயே இறக்கிவிடுவார். நாங்கள் உள்ளே போகும் வரை போகமாட்டார். மரியாதை தெரிந்த மனிதர், பஸ் ஓட்டி ஓய்ந்தவர். நாங்கள் சுழல்கிற கண்ணாடிக் கதவுக்குள்ளால் போய், முன்கூடத்துச் சோபாவில் இருந்து, அவருடைய கார் போனபிறகு வெளியே வருவோம். இரண்டாம் தரம் அந்த ஹொட்டல் பெடியன் எங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தான். மனைவி குடித்துவிட்டு நன்றி சொன்னாள்.

அதுதான் அந்தப் பயணத்தின் வெட்கம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இனிப் போன்.

செவ்வாய்க்கிழமை. கலியாண எழுத்து, பதிவு, வியாழக்கிழமை. நான் போனை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போய் மரப்படியில் இருந்தேன்.

"சித்தப்பா."

"சொல்லு மோனை."

"அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்."

"எப்ப?"

"இப்பதான். அரை மணித்தியாலம் இராது. காலமை தண்ணி கட்டினவர். மத்தியானம் சாப்பிட்டவர். கதிரையிலை இருந்தவர். தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கிறன், ஆள் இல்லை."

அவளுக்குப் பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.

"சித்தப்பா, மருந்து ஏத்தி உடம்பை வைச்சிருக்கலாம் எண்டு சொல்லினம். வருவியளோ?"

எங்களிடம் மகன் இல்லாதவனுக்குத் தம்பிதான் கொள்ளி வைப்பது. அண்ணைக்கு நான்தான். அவளும் அதைத்தான் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"ரிக்கெற் இல்லை மோனை," என்றேன். "பிரேதத்தை எடுங்கோ."

"அப்ப கொள்ளி?"

"நீ வை."

"நானோ?"

"உன்ரை அப்பா தானே."

பின்னால் ஆரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"சரி சித்தப்பா. கலியாணம் நல்லபடியாய் நடக்கட்டும்."

வைத்துவிட்டாள். நான் ஒருவரிடமும் ரிக்கெற் கேட்கவில்லை. கேட்டால் இருந்திருக்கும், இல்லாமலும் இருந்திருக்கும். அவள் கேட்ட கேள்விக்கு மறுமொழி என் வாயில் முதலே இருந்தது.

படியில் இருந்து எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். துடக்கு. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் உரித்துக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. நல்ல காரியம் செய்யக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. சொந்தத் தமையன் என்றால் கேட்கவே வேண்டாம். நான் வாயைத் திறந்தால் கலியாணம் நிற்கும். மகனுக்கு லீவு முடியும். இன்னொரு தரம் எல்லாரும் இங்கே கூட முடியாது. மனைவி துடக்கு விஷயத்தில் கடும் பிடி, ஒரு நாள் குறைக்கமாட்டாள். ஆனபடியால் சொல்லாமல் விடுவதுதான் சரி.

நியாயம் சரியாகத்தான் இருந்தது. எழும்பிக் குளிக்கப் போனேன்.

சாவு கேட்டால் தலையில் தோயவேண்டும். அந்த மடத்துக் குளிப்பறையில் ஒரு பொத்தான். அமத்தினால் கொஞ்ச நேரம் தண்ணி வரும். பிறகு தானே நின்றுவிடும். திரும்ப அமத்தவேண்டும். பக்கத்துத் தடுப்பில் ஆரோ பல்லு விளக்கினார்கள். தண்ணி நிற்கும் போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பொதுக் குசினியில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மகன் வந்தான். அவனுக்கும் தலை ஈரம். பிறகு மனைவி வந்தாள். முடியை விரித்துப் போட்டிருந்தாள். நுனியால் தண்ணி சொட்டியது. யன்னலுக்கு வெளியே ஆட்கள் தொப்பியும் கையுறையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் குளிரிலை ஏன் தோய்ஞ்சனி?"

"தலை கடிச்சது. நீங்கள்?"

"வியர்த்தது."

"உனக்கு என்ன?" என்று மனைவி மகனைக் கேட்டாள்.

"சமையல் மணம் அம்மா."

ஜெர்மன்காரன் துவாயைத் தோளில் போட்டபடி வந்து ஏதோ சொன்னான். மகன் சிரிக்கவில்லை.

"என்னவாம்?"

"குடும்பமாய்ச் சேந்து சுடுதண்ணியை முடிச்சுப்போட்டியளாம்."

மூன்று பேரும் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் என் முகத்தை மறைக்கிற கவனத்தில் இருந்தேன். மற்றவர்களும் மறைக்கிறார்கள் என்று எனக்குப் படவில்லை.

புதன் பின்னேரம் சம்பந்தி வீட்டில் விருந்து. அந்த நாட்டில் விருந்தென்றால் இறைச்சிதான். வீட்டுக்குப் பின்னால் இரும்புக் கம்பியில் பரப்பி, மத்தியானம் தொட்டு விறகுத் தணலில் வாட்டியிருக்கிறார். எங்களுக்கென்று மாடு தவிர்த்து, ஆடும் கோழியும். மகன் முதலே சொல்லிவைத்திருந்தான். அவர் பெரிய துண்டாக வெட்டி என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். எங்களுக்குத் துடக்கு வீட்டில் மச்சம் மாமிசம் ஆகாது. கோப்பையைத் தள்ளிவைத்தேன்.

"வயிறு சரியில்லை எண்டு சொல்லு," என்றேன் மகனுக்கு.

"எனக்கு விரதம் எண்டு சொல்லு," என்றாள் மனைவி.

மகன் இரண்டையும் சொன்னான். பிறகு தன்னுடைய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தனக்குப் பல்லுக்கொதி என்று சொன்னான் போல. பெட்டை அவனைத் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தி கத்தியோடு நின்றார். தணலைப் பார்த்தார். சம்பந்தியம்மா எழும்பிப் போய் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டு வந்து வைத்தா. உப்பும் எண்ணெயும் போட்டுச் சாப்பிட்டோம். பின்னேரம் முழுக்க அந்த மனிதர் எங்களைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். பஸ்ஸில் ஏறுகிற கிழவிகள் மாதிரி நடித்துக் காட்டினார். நான் சிரித்தேன். அதுவும் எனக்கு வந்தது.

வியாழன் மத்தியானம் எழுத்து நடந்தது. ஒரு அலுவலக அறை. பெண் அதிகாரி வாசித்தா. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கைதட்டினார்கள். பின்னேரம் பெட்டை வீட்டில் பிள்ளையார் படம் வைத்துத் தாலி கட்டுவதாக ஒழுங்கு. தாலி மனைவியின் கைப்பைக்குள் இருந்தது.

வெளியே வாசல் படியில் எல்லாரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். பெட்டையின் ஆட்கள் ஒரு இருபது பேர் இருப்பார்கள். ஜெர்மன்காரனும் பிரேசில் பெட்டைகளும் வந்திருந்தார்கள், முதுகுப்பை இல்லாமல். சம்பந்தியம்மா ஒரு கடதாசிப் பையோடு வந்து ஒவ்வொருவர் கையிலும் எதையோ அள்ளி வைத்தா. என் கையிலும் வைத்தா. பார்த்தேன். அரிசி.

அவர்களும் மாப்பிள்ளை பொம்பிளைக்கு அரிசி போடுகிற சனம். எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கலியாணத்தில் பெரியவர்கள் அறுகும் அரிசியும் தலையில் போட்டு வாழ்த்துவோம். செத்தவீட்டில் அதே அரிசியை வாயில் போட்டு அனுப்புவோம். அண்ணைக்கு நான் வாய்க்கரிசி போடவில்லை. துடக்குக் கையால் மகனுக்கு வாழ்த்தரிசி போடக்கூடாது. கையைப் பொத்திக்கொண்டேன்.

மகனும் பெட்டையும் கதவால் வெளியே வந்தார்கள். சத்தம் போட்டு எல்லாரும் எறிந்தார்கள். அரிசி அவன் கோட்டில் விழுந்து படியில் சிதறியது. நான் மனைவியைப் பார்த்தேன். அவளும் கையைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் என்னுடைய கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

மகன் எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். எங்கள் இரண்டு பேருடைய கையையும் பார்த்தான். அவனுக்கு முகம் மாறிவிட்டது.

"போடுங்கோ அப்பா," என்றான். "பெரியப்பா ஒண்டும் நினைக்கமாட்டார்."

அப்போதுதான் விளங்கியது. செவ்வாய்க்கிழமை தோய்ந்த மூன்று தலையும் ஒரே சாவுக்குத் தோய்ந்தவை.

"ஆக்கள் பாக்கினம். போடுங்கோவன்," என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். அவள் போட்டாள். நானும் போட்டேன். தலையில் போடவில்லை. என் அரிசி அவனுடைய சப்பாத்தில் விழுந்தது.

எதிரே ஒரு சின்னப் பூங்கா. ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி மகனோடு ரகசியமாக இரண்டு சொல் பேசிவிட்டு, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு வாங்கில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தாள்.

"உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"என்ரை தங்கச்சி போன் எடுத்தவள். செவ்வாய்க்கிழமை காலமை. நீங்கள் குளிக்கப் போன நேரம். பெடியன் தன்ரை போனிலை பாத்தவனாம், ஆரோ படம் போட்டிருக்கினம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அந்த நிமிசமே வெளிக்கிட்டிடுவியள் எண்டு. அண்ணை எண்டால் உங்களைப் பிடிக்கேலுமோ? பதினொரு வருசத்துக்குப் பிறகு பெடியன் உங்களைக் கண்டிருக்கிறான். ரெண்டு நாள் நிக்கட்டும், எழுத்து முடியச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அவனும் அப்பிடித்தானாம் நினைச்சவன். பாவம் வேறை, எல்லாம் என்ரை தலையிலை விழட்டும் எண்டு பொத்திக்கொண்டு இருந்தன்." மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பெறாமகள்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. குளிக்க முதல்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன கேட்டவள்?"

"வருவியளோ எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"ரிக்கெற் இல்லை, எடுங்கோ எண்டு."

"ரிக்கெற் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

நான் படம் எடுக்கிற ஆட்களைப் பார்த்தேன்.

"ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

"கலியாணம் நிண்டுபோடும் எண்டு..." என்றேன்.

"எழுத்துக்கு என்ன துடக்கு?" என்றாள் மனைவி. கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "கையெழுத்து வைக்கிறதுக்குத் துடக்கு இல்லையே. தாலியைப் பிறகு கட்டலாம். நான் நிண்டு எழுத்தைப் பாத்திருப்பன். நீங்கள் போயிருக்கலாமே."

அது எனக்கும் தெரியும். அந்தப் படியில் இருந்தபோதே தெரியும். கிளறிப் பார்க்காமல் விட்டேன். போக மனமில்லை. அதுதான் சங்கதி. காலையில் கண்ணைத் திறந்தால் மேல்கட்டிலில் மகன் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அதை விட்டுவிட்டு ஒரு செத்த உடம்பிடம் போக மனம் வரவில்லை. துடக்கைச் சாட்டாக வைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் நான் போய்விடுவேன் என்று பயந்து ஒளித்தார்கள். நான் போகமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

மனைவி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கைப்பையைத் திறந்து தாலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"முப்பத்தொண்டு கழிய அவன் பாரிசிலை கட்டட்டும்," என்றாள். எழும்பி நடந்தாள்.

மகன் பெட்டைக்குச் சொன்னான். பெட்டை தகப்பனுக்குச் சொன்னாள். அந்த மனிதர் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நேற்று நாங்கள் ஏன் அவருடைய இறைச்சியைத் தொடவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். பிறகு தன்னுடைய குடுவையை என் கையில் தந்தார். அவர் உறிஞ்சின குழாயாலேயே குடித்தேன். நல்ல கசப்பு. மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள், முகத்தைத் திருப்பவில்லை. எங்களை ஹொட்டலில் கொண்டுபோய் விடவா என்று அவர் கேட்டார். மகன் மடத்தின் விலாசத்தைச் சொன்னான்.

மலிவு ரிக்கெற்றுக்கு நாள் மாற்ற முடியாது என்று பிறகு மகன் விசாரித்துச் சொன்னான். அதை அவன் எனக்காகத்தான் கேட்டிருப்பான். நான் கேட்கச் சொல்லவில்லை. இன்னும் ஒரு கிழமை அந்த நகரத்தில் நின்றோம். பாண் வாங்கினேன். கரையோரம் நடந்தோம். ஊருக்குப் போன் எடுக்கவில்லை. பெறாமகளும் எடுக்கவில்லை. விமான நிலையத்தில் மகன் என் காலில் விழுந்தான். துடக்கில் அதுவும் கூடாது. எழுப்பிவிட்டேன்.

வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது மத்தியானம். பெட்டியை வைத்துவிட்டு வேலிப் பொட்டால் அண்ணை வீட்டுக்குப் போனேன். மனைவி பின்னால் வந்தாள். பெறாமகள் விறாந்தையில் சுளகு வைத்து வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். எழும்பினாள். மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னைப் பார்த்து அழவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள்.

"கலியாணம் எப்பிடி சித்தப்பா?"

"நடந்தது."

"படம் பாத்தனான். பொம்பிளை வடிவு."

தேத்தண்ணியைக் குடித்தேன். கேட்கத்தான் வேண்டும்.

"கொள்ளி?"

"நான்தான் வைச்சனான். ஐயர் முதல் ஒத்துக்கொள்ளேல்லை. பிறகு சரி எண்டிட்டார்."

"அடுத்த நாளே எடுத்திட்டியளோ?"

அவள் மனைவியைப் பார்த்தாள். பிறகு சுளகைப் பார்த்தாள்.

"இல்லைச் சித்தப்பா. வைச்சிருந்தனாங்கள்."

"எடுங்கோ எண்டு சொன்னனான் தானே."

"ஓம், சொன்னனீங்கள். நானும் எல்லாருக்கும் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. அவர் போனிலை அப்பிடித்தான் சொல்லுவார், ஆள் விமானத்திலை இருக்கும், தமையனை விட்டிட்டு அங்கை நிக்கிற ஆளோ எண்டு சொல்லிச்சினம். எனக்கும் அப்பிடித்தான் பட்டது. உங்களுக்குப் போன் எடுத்துக் கேக்கப் பயம், கலியாண வீடு. வாகனச் சத்தம் கேக்கேக்கை எல்லாம் ஆரேன் ஒராள் எழும்பி றோட்டுக்குப் போய்ப் பாத்தது."

மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

"எத்தினை நாள்?" என்று கேட்டேன்.

"நாலு."